விதியை எடுப்பதும் பராமரிப்புதான்

டாக்குமென்டேஷன் வேலையில் இருப்பவர்களிடம் "ஸ்டைல் கைடு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கே" என்பார்கள். "கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு விதியை எடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ஸ்டைல் கைடு பரண் மாதிரி. ஏற்றுவதற்கு எல்லோரும் கை கொடுப்பார்கள், இறக்க ஆள் கிடைக்காது.

ஆங்கிலத்திலும் தமிழிலும் பயனர் கையேடுகள் இருக்கும் ஒரு ரெப்போவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாமே மார்க்டவுன் கோப்புகள். அதற்கு ஒரு ஸ்டைல் கைடு, அந்த கைடை அமல்படுத்த இரண்டு லின்டர்கள். இவற்றை வைத்து மாரடிப்பதில் எனக்கு ஒரு கட்சி உருவாகியிருக்கிறது: ஒரு விதி இருந்தால் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த விதி போகலாம்.

விதி எதற்கு?

"மார்க்டவுன் எவ்வளவு எளிமை, இதற்கு எதற்கு விதி?" என்பது புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஜான் க்ரூபர் 2004-ல் மார்க்டவுனை வெளியிட்டபோது (ஆரோன் ஸ்வார்ட்ஸும் உடன் இருந்து யோசனை சொன்னவர்) தந்தது இரண்டே பொருள்: ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு விளக்கப் பக்கம். அந்தப் பக்கம் எழுதுகிறவர்களுக்கானது. பார்சர் எழுதப்போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கு அதில் பதில் கிடையாது. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் எத்தனை ஸ்பேஸ் உள்ளே தள்ள வேண்டும்? பத்தி முடிந்து காலி வரி விடாமல் பட்டியல் தொடங்கினால் அது பட்டியலா, பத்தியின் தொடர்ச்சியா? ஒவ்வொரு பார்சரும் தனக்குத் தோன்றிய பதிலை வைத்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஜெஃப் அட்வுட், ஜான் மெக்ஃபார்லேன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து 2014-ல் ஒரு தரநிலையை வெளியிட்டார்கள். முதலில் வைத்த பெயர் ஸ்டாண்டர்ட் மார்க்டவுன். அந்தப் பெயருக்கு க்ரூபர் ஆட்சேபம் தெரிவித்ததால் காமன்மார்க் ஆனது. மெக்ஃபார்லேன் தத்துவப் பேராசிரியர், பாண்டாக் என்ற கருவியை எழுதியவரும் அவரே. காமன்மார்க் ஆவணத்தைத் திறந்து பார்த்தால் 600-க்கும் மேற்பட்ட உதாரணங்கள் இருக்கும்: இப்படி எழுதினால் இப்படித்தான் வர வேண்டும் என்று. 'எளிமையான' ஒரு வடிவத்தை ஐயமில்லாமல் சொல்ல அவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது. கிட்ஹப் 2017-ல் காமன்மார்க்கை அடிப்படையாக வைத்துத் தன் சொந்தத் தரநிலையை வெளியிட்டது.

ஆனாலும் எல்லோரும் அந்தப் பக்கம் வந்துவிடவில்லை. எம்கேடாக்ஸ் பயன்படுத்துகிற தளங்களின் பின்னால் பைதான்-மார்க்டவுன் என்ற பார்சர் இருக்கிறது. அது க்ரூபரின் பழைய வழியில் போவது. உள்பட்டியலுக்கு நான்கு ஸ்பேஸ் கேட்கும். இதை எழுதிப் பாருங்கள்:

```
- சர்வரை நிறுத்தவும்
  - முதலில் பேக்கப் எடுக்கவும்
  - பிறகு சேவையை நிறுத்தவும்
- புதிய பதிப்பை நிறுவவும்
```

கிட்ஹப்பில் ரிவியூ செய்கிறவர் கண்ணுக்கு அழகாக இரண்டு அடுக்காகத் தெரியும், ஓகே சொல்லிவிடுவார். அதே கோப்பு எம்கேடாக்ஸ் வழியாகத் தளத்துக்குப் போனதும் நான்கும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நிறுத்துவது முதல் படி, பேக்கப் இரண்டாவது படி என்று படிக்கிறவர் புரிந்துகொள்வார். நாம் சொன்ன வரிசை தலைகீழாகிவிட்டது. எழுதியவர் மேலும் தப்பில்லை, ரிவியூ செய்தவர் மேலும் தப்பில்லை. பில்ட் கூட பச்சையாகத்தான் இருக்கும்.

மார்க்டவுனுக்கு சின்டாக்ஸ் எரர் என்று ஒன்று கிடையாது. எதைக் கொடுத்தாலும் எதையாவது வெளியே தள்ளும். நிரல்மொழியில் கம்பைலர் செய்கிற காவல் வேலையை இங்கே யாராவது செய்தாக வேண்டும், அதனால்தான் லின்டர்.

மூன்று கூடை

எங்கள் விதிகள் எல்லாவற்றையும் நான் மூன்று கூடையில் போடுவேன்.

முதல் கூடையில் மீறினால் வாசகர் பார்க்கும் பக்கமே மாறிவிடும் விதிகள். மேலே சொன்ன உள்தள்ளல் ஒன்று. டேவிட் ஆன்சன் பராமரிக்கும் மார்க்டவுன்லின்ட் கருவியில் அதன் எண் எம்டி007. இயல்பாக இரண்டு ஸ்பேஸ் எதிர்பார்க்கும். உங்கள் தளம் எம்கேடாக்ஸ் என்றால் அதை நான்காக மாற்றாமல் விட்டால், லின்டரே உங்களைக் குழியில் தள்ளும். பட்டியலுக்கு முன்னும் பின்னும் காலி வரி வேண்டும் என்கிற எம்டி032-ம் இதே கூடைதான். படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்கிற எம்டி045-ஐயும் இங்கேதான் வைக்கிறேன். பார்வையற்ற வாசகருக்கு மாற்று உரை இல்லாத படம் பக்கத்தில் இல்லாத படம்.

இரண்டாவது கூடை, வாசகருக்குத் தெரியாத ஆனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு உதவும் விதிகள். புள்ளிப் பட்டியலுக்குக் கோடா நட்சத்திரமா (எம்டி004), தலைப்புக்கு முன் காலி வரி (எம்டி022), கோப்பின் கடைசியில் ஒரு வரி முறிப்பு (எம்டி047). எது என்பது முக்கியமில்லை, ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லையென்றால் ஒருவருடைய எடிட்டர் கோட்டை நட்சத்திரமாக்கும், இன்னொருவருடையது நட்சத்திரத்தைக் கோடாக்கும். டிஃப்பில் நாற்பது வரி சிவப்பாகத் தெரியும், உண்மையில் மாறியது ஒரு சொல்லாக இருக்கும். இந்தக் கூடைக்கு என் கொள்கை: மனிதரிடம் சொல்லவே கூடாது. மார்க்டவுன்லின்ட்டின் ஃபிக்ஸ் வசதியோ ப்ரெட்டியரோ கமிட் செய்யும்போதே சரிசெய்துவிட வேண்டும். கருவியால் தானாகத் திருத்தக்கூடிய ஒன்றுக்காக ஒருவருடைய புல் ரிக்வெஸ்டைத் திருப்பி அனுப்புவது அவருடைய நேரத்துக்கு நாம் செய்யும் மரியாதையில்லை.

மூன்றாவது கூடை ரசனை. 'தயவுசெய்து' போடலாமா, ஒரு வாக்கியம் எத்தனை சொல் இருக்கலாம், ஆச்சரியக்குறி வேண்டுமா. இதெல்லாம் ஸ்டைல் கைடில் இருக்கட்டும், பேசுவோம். லின்டரில் போட்டாலும் பில்டை உடைக்கும் உரிமை அதற்குக் கிடையாது.

இதற்கு வேல் என்ற கருவி தோது (முருகனுடையது இல்லை, கோ மொழியில் எழுதிய உரைநடை லின்டர்). விதிகளை யாமல் கோப்பாக நீங்களே எழுதலாம். ஒவ்வொரு விதிக்கும் யோசனை, எச்சரிக்கை, பிழை என்று மூன்று நிலைகளில் ஒன்றைக் கொடுக்கலாம். கூகுளின் ஸ்டைல் கைடும் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டைல் கைடும் வேல் விதிகளாகவே கிடைக்கின்றன. இறக்கிப் போட்டால் அன்றைக்கே ஓடும்.

அங்கேதான் ஆபத்தும். அந்த நிறுவனங்களின் கைடு அவர்களுடைய சண்டைகளில் பிறந்தது. உங்கள் டீமில் நடக்காத சண்டைக்குத் தீர்ப்பை இறக்குமதி செய்தால், ஒரு பக்கத்துக்கு முப்பது எச்சரிக்கை வரும். முப்பது வந்தால் யாரும் மூன்றைக் கூடப் படிக்க மாட்டார்கள், அந்த மூன்றில் ஒன்று உண்மையான பிழையாக இருந்தாலும்.

எண்பது என்கிற எண்

எந்த ரெப்போவிலும் முதலில் அணைக்கப்படும் விதி எம்டி013. ஒரு வரி எண்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. எண்பது எங்கிருந்து வந்தது? ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையில் எண்பது பத்தி. பிறகு டெர்மினல் திரைகள் அதே அகலத்தைப் பிடித்துக்கொண்டன. நிரலுக்கு அந்தக் குறுகல் இன்றும் உதவலாம். உரைநடைக்கு?

எண்பதில் வரியை மடக்கி எழுதிய ஒரு பத்தியின் முதல் வரியில் ஒரு சொல் சேர்த்தால், பத்தி முழுக்க மறுபடி மடங்கும். டிஃப்பில் பத்தியே மாறியதாகக் காட்டும். ரிவியூ செய்கிறவர் அந்த ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு வினோதமும் உண்டு. மடக்கும்போது ஒரு வரி "14." என்று தொடங்கிவிட்டால் பழைய பார்சர்கள் சில அதை எண்பட்டியலாக எடுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் காமன்மார்க், பத்தியின் நடுவே எண்பட்டியல் தொடங்க வேண்டுமானால் அது ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

தமிழில் இந்த விதி இன்னும் மோசம். மார்க்டவுன்லின்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது, வரியின் நீளத்தை யூனிகோட் குறியீடுகளாக எண்ணும். 'கொண்டிருக்கிறார்கள்' நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. கருவிக்குப் பத்தொன்பது. மெய்யும் புள்ளியும் தனித்தனி, உயிர்மெய்யில் கொம்பும் காலும் தனிக் குறியீடு. ஆங்கிலக் கோப்புக்கு எண்பது என்றால், தமிழ்க் கோப்புக்கு அதுவே ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு நெடுவாக்கியம்கூட வேண்டாம், சாதாரண வாக்கியமே அலாரம் அடிக்கும்.

நாங்கள் வைத்திருப்பது வேறு வழி: ஒரு வாக்கியம், ஒரு வரி. அகலத்துக்கு வரம்பு இல்லை. பிரையன் கெர்னிகன் 1974-ல் யூனிக்ஸ் கற்கிறவர்களுக்கு எழுதிய அறிமுகக் கையேட்டிலேயே இந்த யோசனை இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கு, பின்னால் திருத்த வசதியாக இருக்கும் என்பது. மார்க்டவுனில் ஒற்றை வரி முறிப்பு பத்தியை உடைக்காது என்பதால் வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. டிஃப்பில் மாறிய வாக்கியம் மட்டும் தெரியும். திரையில் நான்கு வரிக்கு மேல் மடங்கி ஓடும் வாக்கியம் கண்ணுக்குத் தானே உறுத்தும், யாரும் சொல்லாமலே உடைத்துவிடுவார்கள். ஒரு விதியை எடுத்ததும் அது செய்ய நினைத்த வேலை தானாக நடந்தது.

தமிழ்க் கோப்புக்குத் தனிக் கவனம்

ஆங்கிலத்துக்கு எழுதிய விதிகளைத் தமிழ்க் கோப்புறையில் அப்படியே ஓடவிட்டால் என்னென்ன தப்பும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதை யாரும் எழுதி வைத்திருப்பதாகத் தெரியாததால்.

முதலில் தடித்த எழுத்து. தமிழில் சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டும். ஆகவே பாதிச் சொல் தடித்தும் மீதி சாதாரணமாகவும் இருப்பது நமக்கு அன்றாடம்.

```
**கோப்பு**க்கு   → தடிக்கும்
__கோப்பு__க்கு   → தடிக்காது
**"சேமி"**யை    → தடிக்காது
```

இரண்டாவது ஏன் தடிக்கவில்லை? அடிக்கோடு நிரல் பெயர்களுக்கு நடுவே நிறைய வரும் என்பதால், சொல்லின் நடுவில் வரும் அடிக்கோட்டை காமன்மார்க் அலங்காரமாக எடுத்துக்கொள்ளாது. உருபு ஒட்டியதும் நம் அடிக்கோடு சொல்லின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நட்சத்திரமா அடிக்கோடா என்பது இரண்டாவது கூடை. தமிழில் அதுவே முதல் கூடைக்கு வந்துவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். தடித்த எழுத்துக்கு ஒரே குறிதான் என்று பார்க்க மார்க்டவுன்லின்ட்டில் எம்டி050 இருக்கிறது. ஆனால் `__கோப்பு__க்கு` என்பதைப் பார்சரே தடித்த எழுத்தாக ஏற்காததால் விதியின் கண்ணிலும் படாது. பிழை எவ்வளவு முழுமையோ அவ்வளவுக்கு லின்டர் மௌனம். இரட்டை அடிக்கோட்டுக்குப் பின்னால் தமிழ் எழுத்து வந்தால் கத்து என்று நாமே ஒரு தேடல் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வரிக்குக் கருவியில் தீர்வு இல்லை, எழுத்தில்தான் தீர்வு. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள் குறியோ அடைப்புக்குறியோ இருந்து, பின்னால் இடைவெளியில்லாமல் எழுத்து வந்தால் அது மூடாது. எங்கள் கைடில் இருக்கும் வரி: பட்டன் பெயருக்கு உருபு ஒட்டாதே, `**"சேமி"** பொத்தானை அழுத்தவும்` என்று ஒரு சொல் சேர்த்துக்கொள். பார்சரும் சமாதானமாகும், வாக்கியமும் தெளிவாகும்.

அடுத்தது சொல் தேர்வு. எங்கள் கைடில் 'பயனர்' என்று முடிவு. பழைய பக்கங்களில் 'பயனாளர்' இருக்கும். மாற்றுச் சொல் விதி எழுதுவது வேலில் இரண்டு நிமிட வேலை. ஆனால் 'பயனாளர்' என்று அப்படியே கொடுத்தால் 'பயனாளருக்கு', 'பயனாளரின்', 'பயனாளர்கள்' ஆகியவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை தப்பிவிடும். ர் என்பது ர-வும் புள்ளியும் சேர்ந்தது, ரு என்பது ர-வும் உகரக் குறியும். புள்ளியை விட்டுவிட்டு 'பயனாளர' என்று வடிவத்தைக் கொடுங்கள், எல்லாம் சிக்கும். படிப்பதற்கு எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், அதனால் பக்கத்தில் காரணத்தை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தில் யாராவது புள்ளி வைத்துவிடுவார்கள்.

சொல் எல்லைக் குறியையும் நம்ப வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் ரெஜெக்ஸில் சொல் என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. தமிழ் எழுத்தெல்லாம் அதற்குச் சொல்லுக்கு வெளியே. வேலில் எல்லை பார்க்காதே என்று விதிக்குள்ளேயே சொல்லிவிட வழி இருக்கிறது, தமிழ் விதிகளில் அதை எப்போதும் போட்டுவிடுகிறோம்.

கடைசியாக ஔகாரம். 'மௌனம்' என்று தட்டுவதற்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் வைத்து 'மெளனம்' என்று தட்டுவது பரவலான பழக்கம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும், தேடினால்தான் வித்தியாசம் தெரியும். இதைப் பொதுவாகப் பிடிக்கப் பார்த்தால் வெள்ளை, தெளிவு, வெள்ளம் என்று நல்ல சொற்களெல்லாம் சேர்ந்து மாட்டும். மெளன, கெளர, செளக, பெளர்ண என்று சொல் வாரியாகத்தான் எழுத வேண்டும். சின்னப் பட்டியல், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும்.

பழைய ரெப்போவில் நுழைவது

புது ரெப்போவில் லின்டர் வைப்பது ஒன்றுமில்லை. ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் கோப்பு இருக்கும் இடத்தில் வைப்பதுதான் வேலை. எல்லா விதியையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும், டீமில் பாதிப் பேர் அன்றைக்கே அதன் எதிரி ஆவார்கள்.

நான் பரிந்துரைப்பது: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதல் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறப்பது. ஒரு விதி, ஒரு புல் ரிக்வெஸ்ட். தானாகத் திருத்தியதை மனிதர் திருத்தியதோடு கலக்காமல் தனிக் கமிட்டாகப் போடுவது. அந்தக் கமிட் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், யார் எந்த வரியை எழுதினார்கள் என்று கிட் காட்டும்போது அதைத் தாண்டிப் போகும். 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் ரெப்போவில் உள்ள எல்லா வரியையும் நீங்களே எழுதியதாகக் காட்டும், சந்தேகம் கேட்க எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள்.

லின்டரின் பதிப்பு எண்ணைக் கட்டிப் போட மறக்காதீர்கள். இயல்பாக எல்லா விதியும் திறந்திருக்கும் அமைப்பில், புதுப் பதிப்பு வந்தால் அதில் வரும் புது விதியும் தானாகத் திறக்கும். ஒரு எழுத்து மாறாத கோப்புக்கு திங்கட்கிழமை காலை பில்ட் சிவக்கும். புதுப் பதிப்புக்கு மாறுவதும் ஒரு முடிவாக இருக்க வேண்டும், யாரோ ஒருவர் பார்த்து, இந்தப் புது விதி எந்தக் கூடை என்று சொன்ன பிறகு.

விதி மோசமில்லை, அமைப்புதான் மோசம் என்கிற இடங்களும் உண்டு. ஒரே தலைப்பு இரண்டு முறை வரக்கூடாது என்கிற எம்டி024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றப் பதிவேட்டில் ஒவ்வொரு பதிப்பின் கீழும் 'சேர்த்தவை', 'திருத்தியவை' என்று வரத்தான் செய்யும். விதியைக் கொல்லத் தேவையில்லை. ஒரே தாய்த்தலைப்பின் கீழ் மட்டும் பார் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அது போதும்.

விலக்குகளைப் படியுங்கள்

எந்த விதியையும் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அணைக்க மார்க்டவுன்லின்ட்டில் ஒரு கமென்ட் எழுதினால் போதும். பல டீம்களில் இதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் ஸ்டைல் கைடுக்குக் கிடைக்கும் நேர்மையான பின்னூட்டம். கூட்டத்தில் யாரும் "இந்த விதி சரியில்லை" என்று எழுந்து சொல்ல மாட்டார்கள். கோப்பில் அணைத்துவிட்டுப் போவார்கள்.

அதனால் விலக்கு எழுதத் தாராளமாக அனுமதி, ஒரு நிபந்தனையோடு: பக்கத்தில் காரணம். காலாண்டுக்கு ஒருமுறை ரெப்போ முழுக்கத் தேடினால் எந்த விதி எத்தனை இடத்தில் அணைந்திருக்கிறது என்று தெரியும். ஒன்றிரண்டு இடம் என்றால் அவை உண்மையான விதிவிலக்குகள். ஐம்பது இடம் என்றால் டீம் அந்த விதிக்கு எதிராக ஏற்கெனவே வாக்களித்துவிட்டது, நீங்கள்தான் எண்ணவில்லை. மார்க்டவுனுக்குள் எச்டிஎம்எல் கூடாது என்கிற எம்டி033 எங்களிடம் இப்படித்தான் தளர்ந்தது. அட்டவணைக் கட்டத்துக்குள் வரி முறிக்க வேறு வழியில்லாமல் எல்லோரும் அணைத்துக்கொண்டிருந்தார்கள். வரி முறிக்கும் அந்த ஒரு டேகுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம், விலக்குகள் காணாமல் போயின.

லின்டருக்குப் போன விதியை ஸ்டைல் கைடிலிருந்து எடுத்துவிடுவது அடுத்த பழக்கம். இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் இரண்டும் இரண்டு சொல்லும். கைடில் இருக்க வேண்டியது கருவியால் பார்க்க முடியாதது மட்டும்: எச்சரிக்கையைப் படிக்கு முன்னால் சொல், பின்னால் சொல்லாதே, ஒரு படியில் ஒரு செயல்தான், வாசகர் எந்தத் திரையில் இருக்கிறார் என்று முதலில் சொல். இப்படிச் சுருக்கிய கைடு இரண்டு மூன்று பக்கத்துக்குள் நிற்கும். புதிதாகச் சேர்கிறவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்து முடிக்கலாம். நாற்பது பக்கக் கைடை யாரும் படிப்பதில்லை, ரிவியூவில் அடுத்தவரை மடக்க மட்டும் திறக்கிறார்கள்.

கோடா நட்சத்திரமா என்று ரிவியூவில் பேச்சு நின்றுபோனால் அந்த இடத்தில் என்ன வரும் என்பதுதான் இத்தனைக்கும் பலன். "நாலாவது படியில் இந்த அனுமதி இல்லாத பயனருக்கு என்ன ஆகும்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை எந்த லின்டரும் கேட்காது.

உங்கள் ரெப்போவில் விலக்கு கமென்ட்களைத் தேடிப் பாருங்கள். அதிகம் அணைக்கப்பட்டிருக்கும் விதி எது, அது யாரைக் காப்பாற்றுகிறது என்று டீமில் கேளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் எடுப்பதற்கு அதுதான் முதல் விதி.